வலப்பக்கக் கியர்

டிரைவிங் ஸ்கூல் டீச்சருக்கு வாய்த்த பட்டப்பெயர் பிரேக் டீச்சர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவள் அதை விருது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். ஸ்கூல் அவள் அண்ணனுடையது. கார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வலப்பக்கம் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார, டீச்சர் இடப்பக்க சீட்டில் உட்காருவாள். அவள் காலடியிலும் இரண்டு மிதிகள் உண்டு. இடது காலுக்குக் கிளட்ச், வலது காலுக்குப் பிரேக். ஸ்டியரிங் மட்டும் கிடையாது. இதை வைத்து யாராவது தத்துவம் பேச வந்தால் டீச்சருக்குக் கோபம் வரும். தத்துவம் பேச உட்கார வேண்டும். அவளால் எங்கேயும் உட்கார முடியாது.

அந்த வலது காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாய் தெருவைக் கடக்கலாமா என்று யோசிக்கும்போதே கால் பிரேக்கில் இருக்கும். சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தால் போதும், கார் நின்றிருக்கும். இத்தனை வருடத்தில் ஸ்கூல் காரில் ஒரு கீறல் இல்லை. அண்ணன் வாசல் போர்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பது வேறு ஏதோ. வாயால் சொல்வது இதைத்தான். "என் தங்கச்சியோட வலது கால் மேலதான் இந்த ஸ்கூலே நிக்குது." ஒரு முறை சேர்ந்தவர்கள் டெஸ்டில் தோற்றுப் போய்ப் பெரும்பாலும் மறுபடியும் இங்கேயே வந்து சேர்ந்தார்கள். டீச்சருக்குக் கிடைத்த நல்ல பெயர் அது என்றே அண்ணன் நினைத்தார். டீச்சரும் அப்படித்தான் நினைத்தாள்.

வேலை முடிந்தாலும் கால் ஓயாது. வீட்டுக் காரை ஓட்டுவது அவள் கணவர். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். அவசரம் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதோடு சரி. அவர் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருப்பார், பக்கத்தில் டீச்சர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பாள். அவள் காலடி மிதியடி தேய்ந்து, ஓட்டை விழுந்து, அடியில் தகரம் தெரிந்தது. வீட்டிலும் இருப்புக் கொள்ளாது. தோசைக்கல் காய்வதற்குள் துணி மடிப்பாள், துணி மடித்து முடிப்பதற்குள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு ஓடுவாள். "கொஞ்சம் உக்காரேன்" என்று அவர் சொன்னால் உட்காருவாள். உட்கார்ந்த இடத்தில் கால் தரையைத் தட்டும்.

அப்படி இருந்தவள் கண்ணில்தான் அந்த மோட்டார் சைக்கிள் பட்டது.

அன்றைக்கு ஓட்டியவள் ஒரு நர்ஸ். டெஸ்டில் தோற்று, அழுது, மறுபடியும் சேர்ந்தவள். அவளுக்கு வேலை மாற்றம் வந்திருந்த மருத்துவமனை ஊருக்கு வெளியே இருந்தது. விடியற்காலை ஷிஃப்டுக்குப் பஸ் கிடையாது. லைசென்ஸ் எடுத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலை. அந்தப் பயத்திலேயே அவள் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட, கார் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. நின்ற இடம் பல் டாக்டர் வீட்டு வாசல். கேட் திறந்திருந்தது. உள்ளே ஷெட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை டாக்டர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ மெதுவா ஸ்டார்ட் பண்ணும்மா, இதோ வர்றேன்" என்று டீச்சர் இறங்கிவிட்டாள். பாடத்தின் நடுவில் அவள் காரை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை.

வண்டியைப் பார்த்தால் கல்யாண மண்டப வாசல் மாதிரி இருந்தது. முன்னால் பெரிய கண்ணாடித் தடுப்பு, இரண்டு பக்கமும் பெட்டிகள், பஸ் ஹாரன், கலர் பல்புகள், மாட்டுக்கொம்பு மாதிரி தூக்கி வைத்த ஹேண்டில்பார், டேங்க்கின் மேல் நெருப்புப் பிடித்து எரிகிற ஸ்டிக்கர். ஆனால் மீட்டரில் இருந்த கிலோமீட்டரைப் பார்த்து டீச்சருக்கு மூச்சே நின்றது. ஸ்கூல் கார் ஒரு சில மாதத்தில் ஓடுகிற தூரத்தை இந்த வண்டி வாழ்நாள் முழுக்க ஓடியிருந்தது.

"ஓட்டலையா டாக்டர்?"

"முன்னெல்லாம் ஓட்டுவேனே. ஞாயித்துக்கிழமை தெருமுனை வரைக்கும். அங்க போயி திருப்பிக்கிட்டு வந்துடுவேன்" என்றார் டாக்டர் கூச்சமே இல்லாமல். "எனக்கு ஓட்றதுன்னா பயம்மா. அழகு பண்றதுதான் பிடிக்கும். இப்ப மாடி ஃப்ளாட்டுக்குப் போறோம். நிறுத்த இடமில்ல. யாராவது கேட்டா கொடுத்துடலாம்னு பாக்கறேன்."

"நான் கேக்கறேன்" என்றாள் டீச்சர். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

ஏன் கேட்டாள் என்று கணவர் அன்று சாயங்காலம் விசாரித்தார். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது, வெளியே சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. கடைசியில் சொன்னாள்.

"அதுல பக்கத்து சீட் இல்லீங்க."

 "பின்னாடி சீட் இருக்குமே?" என்றார் அவர் கொஞ்சம் ஆவலாக.

"அதையும் கழட்டிடுவேன். அந்த வண்டி கம்பெனிலேர்ந்து வந்தப்ப ஒத்தை சீட்டுதான்."

பாவம் மனிதர், எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வண்டி வீட்டுக்கு வந்தது, தள்ளிக்கொண்டுதான். ஓடாமலே கிழடு தட்டிப்போன வண்டி அது. டயர் தேயவில்லை, ஆனால் வெயிலில் போட்ட வடகம் மாதிரி வெடித்திருந்தது. டேங்க்குக்குள் பழைய பெட்ரோல் காய்ந்து கோந்தாகப் பிடித்திருந்தது. ரப்பர் என்று எதைத் தொட்டாலும் கையோடு வந்தது. டீச்சர் கூப்பிட்ட மெக்கானிக்குக்கு ஊரில் பெயர் ரேடியோ. ஒரு முறை பேச ஆரம்பித்தால் அணைக்கிற பொத்தான் அவரிடம் கிடையாது. நல்ல வேலைக்காரர்; அதை மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்கிற ஆள் இல்லை.

"டீச்சர், என்னை மாதிரி ஆளு உங்களுக்குக் கிடைச்சது உங்க அதிர்ஷ்டம். இதை அப்படியே பளபளன்னு ஆக்கி, இன்னும் ரெண்டு லைட்டு போட்டு..."

"இருக்கிற லைட்டைக் கழட்டுங்க. கம்பெனிலேர்ந்து எப்படி வெளிய வந்துச்சோ அப்படி வேணும். மத்தவங்க வெச்சது ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"ஒண்ணுகூடவா?"

"ஒரு நட்டுகூட."

ரேடியோவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் வேலை தொடங்கியதும் அவருக்கே வெறி பிடித்துவிட்டது. ஹாரன் போனது, பெட்டிகள் போயின, கொம்பு போனது. நெருப்பு ஸ்டிக்கரை எடுக்கத் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். டீச்சர் சூடு காட்ட, அவர் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தார். அடியில் கரும்பச்சை. அதன் மேல் கையால் இழுத்த மெல்லிய பொன்கோடு, ஓரிடத்தில் வரைந்தவர் கை லேசாக நடுங்கிய அடையாளத்தோடு. டீச்சர் மெஷினை அணைக்க மறந்து நின்றாள். ரேடியோகூட அந்த ஒரு நிமிடம் வாயைத் திறக்கவில்லை.

பழைய பாகங்கள் எங்கே என்று டாக்டரிடம் கேட்டதற்கு, அவர் கிளினிக்கின் அடி இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். கழற்றியவை எல்லாம் பேண்டேஜ் துணியில் சுற்றி பிளாஸ்திரி ஒட்டி, அறுவை சிகிச்சை முடிந்த கைகால்கள் மாதிரி வரிசையாக இருந்தன. ஒத்தை சீட் மட்டும் இல்லை.

"அதுவா?" டாக்டர் தலையைச் சொறிந்தார். பிறகு தனக்கு அடியில் பார்த்தார். டீச்சரும் பார்த்தாள். நோயாளிகளின் வாய்க்குள் குனிய டாக்டர் உட்கார்ந்திருந்த சக்கர ஸ்டூலின் மேல் இருந்தது அந்தத் தோல் சீட், ஸ்பிரிங்கோடு. வண்டி ஓடியதைவிட அந்த சீட் கிளினிக்குக்குள் அதிகம் ஓடியிருந்தது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒருவர் காத்திருக்க, டாக்டர் எழுந்து நின்றுகொண்டு, டீச்சரையே ஸ்பானர் போட விட்டார்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே ஒரு வேலை பாக்கி. அதில்தான் ரேடியோ முரண்டு பிடித்தார்.

இந்தக் கால மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலுக்கு, பிரேக் வலது காலுக்கு. டாக்டரும் அந்தப் பழக்கத்துக்காக, நடுவில் ஒரு கம்பி கொடுத்து இரண்டையும் மாற்றி வைத்திருந்தார். ஆனால் இந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது நேரெதிர். கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். அதிலும் முதல் கியர் மட்டும் மேலே தூக்க வேண்டும், மற்றவை எல்லாம் கீழே மிதிக்க வேண்டும்.

"இதை மட்டும் விட்டுடலாம் டீச்சர். யாருக்கும் தெரியாது. உங்க வலது கால் எப்பேர்ப்பட்ட காலுன்னு ஊருக்கே தெரியும். ஏதாவது குறுக்க வந்தா அது போயி மிதிக்கும். அங்க பிரேக் இருக்காது, கியர் இருக்கும். நிக்க வேண்டிய வண்டி அடுத்த கியர்ல பாயும். சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியும்ல."

"தெரிஞ்சுமா?"

"அது இருந்த மாதிரியே வேணும்."

அண்ணன் காதுக்கு விஷயம் போனது. அவர் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். பிறகுதான் வந்த காரியத்துக்கு வந்தார்.

"நீ விழுந்து எந்திரிக்கறதைப் பத்தி எனக்குக் கவலை இல்லம்மா. ரெண்டு நாள்ல ஆறிடும். ஆனா இந்தக் கால் மாத்தி மாத்தி மிதிக்கப் பழகி, அங்க கார்ல குழம்பிச்சுன்னா? பக்கத்துல இருக்கறவங்க உயிரு உன் கால்ல இருக்கு. அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா தங்கச்சின்னு பாக்க மாட்டேன். அந்த சீட்டுல உன்னை உக்கார வைக்க மாட்டேன்."

"நடக்காதுண்ணா. அது வேற, இது வேற."

"காலுக்கு அது தெரியுமா?"

 டீச்சருக்குக் கோபம் வந்தது. அண்ணன் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது. கணவர் சமாதானம் பேசினார், ரேடியோ கெஞ்சினார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். கம்பி கழன்றது, கியர் வலப்பக்கம் வந்தது.

முதல் நாள் ஓட்டியது ஸ்கூலின் பயிற்சி மைதானத்தில், ஆளில்லாத காலை வேளையில். தூரத்தில் ஒரு காக்கை பறந்து வந்து தரையில் இறங்கியது. அவ்வளவுதான். வலது கால் யாரையும் கேட்காமல் அழுத்தியது, வண்டி ஒரு உறுமலோடு அடுத்த கியருக்குப் போய், காக்கையைக் கடந்து, மைதானத்தின் ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் போய்ச் செருகி நின்றது. டீச்சர் டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். காக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அன்றோடு விட்டிருப்பாள். டீச்சருக்கு வீம்பு. அடுப்படியில் நின்றுகொண்டே இடது காலை அழுத்திப் பழகினாள். பால் பொங்கி வந்தால் இடது கால். காலிங் பெல் அடித்தால் இடது கால். கணவர் தும்மினால் இடது கால். பார்க்கிறவர்களுக்கு வீட்டில் யாருக்கோ வலிப்பு என்று தோன்றியிருக்கும். மைதானத்தில் சும்மா சுற்றும்போது ரேடியோவை ஓரமாக நிற்கவைத்து, நினைத்தபோதெல்லாம் பழைய பக்கெட்டைக் குறுக்கே உருட்டச் சொன்னாள். ரேடியோ அதை அனுபவித்துச் செய்தார். பக்கெட்டுகள் நசுங்கின. பிறகு நசுங்குவது குறைந்தது. ஒரு நாள் பக்கெட் உருண்டு வந்தது, டீச்சர் பாட்டுக்கு நின்றாள். எந்தக் கால் மிதித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். இடது கால்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி அவள் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. ஊரைத் தாண்டி ஆற்றோரச் சாலையில் ஒத்தை சீட்டில் உட்கார்ந்து போவாள். மீட்டர் கூடுகிறதே என்று ரேடியோ தலையில் அடித்துக்கொள்வார். குறைவாக ஓடிய வண்டி என்பதுதானே இதன் மதிப்பு என்பார். "அப்ப டாக்டர் மாதிரி தொடச்சிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?" என்பாள். போகும்போது அவளுக்கு எதையும் முன்கூட்டித் தடுக்கத் தோன்றவில்லை. வருவது வரட்டும், வந்தால் பார்ப்போம் என்றிருந்தது. வீடு திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருந்தாள். கணவர் அதைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கேன்."

நன்றாகத்தான் இருந்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை. அன்று கணவர் காரை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள். முன்னால் போன ஆட்டோ சட்டென்று ஒடித்துத் திரும்பியது. டீச்சரின் கால் தரையை அழுத்தியது. அழுத்திய கால் ஓட்டையின் மேல் இல்லை. ஓட்டைக்கு இடப்பக்கம், தேயாமல் புதிதாகவே கிடந்த மிதியடியின் மேல் இருந்தது.

குனிந்து பார்த்தாள். இடது கால். ஸ்கூல் காரில் அந்த இடத்தில் இருப்பது கிளட்ச். கிளட்சை மிதித்தால் கார் நிற்காது. கட்டவிழ்த்துவிட்ட மாதிரி உருளும். கணவர் கவனிக்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே கியர் இடப்பக்கம் போய்விடும், அல்லது வண்டியே போய்விடும். அது வேற, இது வேற என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அண்ணனிடம் சொன்ன அதே வார்த்தைகள். இந்த முறை அவற்றை நம்ப ஆளில்லை.

மறுநாளிலிருந்து பழைய தவிப்பு இரண்டு மடங்காகத் திரும்பியது. காரில் ஏறியதும் வலது காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டாள். இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி ஒளித்தாள். வண்டி எதுவும் குறுக்கே வராத காலி ரோடுகளாகப் பார்த்துக் கூட்டிப்போனாள். மோட்டார் சைக்கிளை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். சாயங்காலம் ஆனதும் ஹெல்மெட்டைத் தேடினாள். இரண்டும் வேண்டும் என்று மனது அடம்பிடித்தது. ஒன்று சோறு போடுவது, நல்ல பெயர் தந்தது. இன்னொன்று அவளை உட்கார வைத்தது. எதை விடுவது?

நர்ஸுக்கு டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. "இன்னைக்கு பாலத்து இறக்கத்துல போகலாமா டீச்சர்? போன தடவை அங்கதான் தோத்தேன்" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினாள் டீச்சர். கிடைக்கவில்லை.

இறக்கத்தில் கார் நன்றாகத்தான் இறங்கியது. நர்ஸ் வழக்கம்போல முணுமுணுவென்று எதையோ வேண்டிக்கொண்டே ஓட்டினாள். கீழே, சந்திலிருந்து ஒரு ஆள் வெளியே வந்தார். தலையில் ஒரு பெரிய மெத்தை. மெத்தை இரண்டு பக்கமும் வளைந்து தொங்கி, அவர் முகத்தை மூடியிருந்தது. அவருக்கு ரோடும் தெரியவில்லை, காரும் தெரியவில்லை. நேராக நடந்து வந்தார்.

டீச்சரின் இடது கால் சீட்டுக்கு அடியிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று தெரியாது. ஓங்கி மிதித்தது. எஞ்சின் பிடி விட்டுப் போய், கார் இறக்கத்தில் எடையெல்லாம் இழந்ததுபோல் உருண்டது. மெத்தை பெரிதாகிக்கொண்டே வந்தது. வலது காலை அழுத்த வேண்டும் என்று தலைக்குத் தெரிந்தது. கால் அசையவில்லை. அது அவள் கால் மாதிரியே இல்லை.

கார் நின்றது.

அப்படியே முன்னால் சாய்ந்து, பின்னால் விழுந்து, நின்றது. மெத்தையின் ஓரம் பானட்டை உரசிக்கொண்டு போனது. அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. எதிர்ச்சந்தில் நுழைந்து மறைந்தார்.

நர்ஸ் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து அழுதாள். "நீங்க இல்லன்னா இன்னைக்கு அவரைக் கொன்னுருப்பேன் டீச்சர். நல்லவேளை, நீங்க பிடிச்சீங்க. உங்க காலுக்குக் கோயில்தான் கட்டணும்."

டீச்சர் தன் கால்களைப் பார்த்தாள். இடது கால் இன்னும் கிளட்சை அடிவரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தது. வலது கால் பிரேக்கின் மேல் சும்மா கிடந்தது, செருப்பைக் கழற்றி வைத்த மாதிரி.

எவ்வளவு சுலபம்! ஆமாம்மா, பாத்து ஓட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் காருக்குள் நடந்தது யாருக்கும் தெரியாது. சீட்டும் இருக்கும், மோட்டார் சைக்கிளும் இருக்கும், நல்ல பெயரும் இருக்கும். அண்ணன் போகிற இடமெல்லாம் அந்தக் காலைப் பற்றிப் பெருமை பேசுவார். வாய் வரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை. பக்கத்தில் நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நான் இந்த ஜென்மத்துல ஓட்டக் கத்துக்க மாட்டேன்" என்றாள்.

"நான் பிடிக்கல" என்றாள் டீச்சர்.

"என்ன டீச்சர்?"

"பிரேக்கை நான் பிடிக்கல. என் கால் தப்பா மிதிச்சிடுச்சு. கிளட்சை மிதிச்சேன். இதோ பாரு." இடது காலைக் காட்டினாள். "வண்டி நின்னது உன்னாலதான். நீதான் பிடிச்ச."

நர்ஸ் குனிந்து டீச்சரின் காலைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். நம்பாமல் மறுபடி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"நானா?"

"இத்தனை நாளா நீ பிடிக்கறதுக்குள்ள நான் பிடிச்சிட்டேன்" என்றாள் டீச்சர். சொல்லி முடித்ததும், இதுவரை தன்னிடம் கற்றுக்கொண்டு, தோற்று, திரும்பி வந்த அத்தனை முகங்களும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அவர்களுக்குப் பயம் போகவில்லை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். பிரேக் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கால் ஒரு நாளும் தேடவேண்டி வந்ததில்லை. அவள் தேடவிட்டால்தானே! அவமானத்தில் உடம்பு சுட்டது.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். போயாக வேண்டும். தப்பான மிதியை மிதிக்கிற கால் கீழே இருப்பது ஆபத்து. டீச்சர் செருப்பைக் கழற்றினாள். இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா ஓட்டு. ஸ்கூலுக்குப் போலாம்."

"நீங்க காலைக் கீழ போடுங்க டீச்சர், எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். ஓட்டு."

அந்தப் பயணம் முழுக்க அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். முட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் தொடை துடித்தது. ஒரு சிறுமி பந்தைத் துரத்தி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். கார் நின்றது, பிறகு கிளம்பியது. கண்ணைத் திறந்தாள். நர்ஸ் வேண்டிக்கொள்வதை நிறுத்தியிருந்தாள்.

ஸ்கூல் வாசலில் அண்ணன் நின்றிருந்தார். சம்மணம் போட்டு வருகிற தங்கையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கதவைத் திறந்து, "என்ன இது? கால்ல அடியா?" என்றார் பதறி.

டீச்சர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருந்தும் வாய் திறக்காமல் இருந்ததையும் சேர்த்து. அண்ணன் கேட்கக் கேட்கச் சிவந்தார். கத்தினார். ஒரு உயிர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார்.  கத்தி ஓய்ந்ததும், தங்கை என்பதால் ஒரு வழி சொன்னார்.

"ரேடியோகிட்ட அந்தக் கம்பி இருக்கு. இன்னைக்கே கியரை இடப்பக்கம் மாத்திடு. கொஞ்ச நாள் வீட்டுல இரு. கால் பழசுக்குத் திரும்பினதும் வா. இந்த சீட் உனக்குத்தான்."

அவளுக்கு அழுகை வந்தது. அந்த சீட்டைத் தவிர அவளுக்கு வேறு வேலை தெரியாது. அந்த சீட்டில் உட்கார்ந்துதான் வீடு கட்டினாள், பேர் வாங்கினாள். ஆனால் கால் பழசுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று இப்போது தெரிந்துவிட்டது. திரும்பி வந்து, மறுபடியும் ஒவ்வொருத்தருக்கும் முந்திக்கொண்டு மிதிப்பாள்.

"வேணாம்ணா. வேற யாரையாவது உக்கார வை."

"ஒரு பழைய வண்டிக்காகவா?"

"வண்டிக்காக மட்டும் இல்ல."

"அப்ப நாளைக்கு என்ன பண்ணப்போற?"

"தெரியலண்ணா" என்றாள். நாளைக்கு என்ன என்று தெரியாமல் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை. பயமாகத்தான் இருந்தது.

அண்ணனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டும்போல, குனிந்து நர்ஸைப் பார்த்தார். "உண்மையிலேயே நீதான் பிடிச்சியாம்மா?"

நர்ஸ் கீழே காட்டினாள். எஞ்சின் அணைந்திருந்தது, ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது, சாவி அவள் கையில் இருந்தது. ஆனாலும் அவள் வலது கால் பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. 

டீச்சர் கை நீட்டி அவள் முட்டியின் மேல் வைத்தாள்.

"காலை எடும்மா. வண்டி நின்னு ரொம்ப நேரமாச்சு."